மூணாவது ஆளுக்கு ஒரு ஜாய்ஸ்டிக்

ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 வரை, 61 நாள், கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம். பாம்பன், மண்டபம், ராமேசுவரம் துறைகளில் விசைப்படகுகள் கடலுக்குப் போகாமல் மராமத்தில் நிற்கும். பள்ளிக்கூடக் கோடை விடுமுறையும் ஏறக்குறைய அதே நாட்கள்தான். பையன்கள் எல்லாரும் வீட்டில், பக்கத்து வீட்டுப் பையன்களும் நம் வீட்டில். கணினி மட்டும் ஒன்று. கடலோரத்தில் பல குடும்பங்களுக்கு முதல் கணினியே அக்காவோ அண்ணனோ பிளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினிதான். 2011-இல் தொடங்கிய திட்டம் அது. படிப்பு முடிந்து, மூத்தவர்கள் வேலைக்குப் போய், மடிக்கணினி இளையவர்கள் கைக்கு வரும்போது அதற்குள் 'முஸ்தபா' புகுந்திருக்கும்.

முஸ்தபா என்று நம்மூர்ப் பையன்கள் சொல்லும் விளையாட்டின் அசல் பெயர் 'காடிலாக்ஸ் அண்ட் டைனோசர்ஸ்'. ஜப்பானின் கேப்காம் நிறுவனம் 1993-இல் வெளியிட்டது. நான்கு வீரர்களில் மஞ்சள் தொப்பிக்காரன் பெயர் முஸ்தபா. அந்தப் பெயரே விளையாட்டுக்கும் ஆகிவிட்டது. காசு போட்டு ஆடும் பெட்டிக்காகச் செய்த விளையாட்டு, பழைய பெட்டிகளைக் கணினியில் போலச்செய்யும் மேம் போன்ற மென்பொருள்கள் வழியாக பிரவுசிங் சென்டர்களுக்கும் அங்கிருந்து பென் டிரைவில் வீடுகளுக்கும் வந்து சேர்ந்தது. (உரிமம் பற்றி யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.) இதை ஒரே நேரத்தில் மூன்று பேர் ஆடலாம். தலைவலி அந்த மூன்றில்தான் இருக்கிறது.

அசல் பெட்டிக்கே அந்தத் தலைவலி இருந்தது. 1980-களின் நடுவில் ஜப்பானிய நிறுவனங்கள் ஜாம்மா என்று ஒரு பொது இணைப்பை ஏற்படுத்திக்கொண்டன. 56 தொடுமுனைகள், எந்த விளையாட்டுப் பலகையையும் எந்தப் பெட்டியிலும் செருகலாம். ஆனால் அதில் இடம் இரண்டு பேருக்குத்தான். மூன்றாம் ஆளின் கைப்பிடிக்குப் பலகையில் வேறு கனெக்டர் வைத்து, தனியாக ஒயர் இழுக்க வேண்டியிருந்தது. கணினியில் இதே வேலையைச் செய்ய ஒயர் கூட வேண்டாம், கீபோர்டு போதும் என்று தோன்றும். மேம் மென்பொருள் முதலில் வைத்திருக்கும் ஏற்பாட்டில் முதல் ஆளுக்கு அம்புக்குறிகள். இரண்டாம் ஆளுக்கு ஆர், எஃப், டி, ஜி. மூன்றாம் ஆளுக்கு ஐ, கே, ஜே, எல். 5, 6, 7 எண்களைத் தட்டினால் ஆளுக்கொரு காசு விழும். மூன்று பேர் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்காரலாம்.

ஆட ஆரம்பித்த சற்று நேரத்தில் புகார் வரும். "அண்ணே, நான் அடிக்கிறேன், என் ஆள் அடிக்க மாட்டேங்கிறான்!" பெரியவன் நம்ப மாட்டான். தம்பி சொல்வது உண்மை. அவன் விரல் விசையை அமுக்குகிறது. கணினிக்குச் செய்தி போகவில்லை.

கீபோர்டில் நூற்றுச் சொச்சம் விசைகள். விசைக்கு ஒரு ஒயர் என்று இழுத்தால் உள்ளே இடம் இருக்காது. அதனால் குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள் போடுகிறார்கள். 8 படுகோடு, 16 நெடுங்கோடு என்றால் 24 கோடுகளில் 128 சந்திப்புகள் கிடைத்துவிடும். ஒவ்வொரு சந்திப்பிலும் ஒரு விசை. உள்ளிருக்கும் சில்லு ஒரு நேரத்தில் ஒரு படுகோட்டில் மட்டும் சமிக்ஞை விட்டு, எந்த நெடுங்கோட்டில் அது வெளிவருகிறது என்று பார்க்கும். முடிந்ததும் அடுத்த படுகோடு. நொடிக்கு நூறு முறைக்கும் குறையாமல் இப்படிச் சுற்றிக்கொண்டே இருக்கும். கட்டுரை தட்டச்சு செய்கிறவருக்கு இதில் ஒரு குறையும் தெரியாது.

முதல் படுகோட்டில் இரண்டு விசைகளை அமுக்கியிருக்கிறோம், அவற்றில் ஒன்றுக்கு நேர் கீழே இரண்டாம் படுகோட்டிலும் ஒன்றை அமுக்குகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். செவ்வகத்தின் மூன்று மூலைகள் மூடியாகிவிட்டன. இப்போது இரண்டாம் படுகோட்டில் விட்ட சமிக்ஞை நெடுங்கோடு வழியாக மேலே ஏறி, முதல் படுகோட்டில் நகர்ந்து, மற்ற நெடுங்கோட்டில் இறங்கிவிடும். யாரும் தொடாத நான்காவது மூலையும் அமுங்கியதாகச் சில்லுக்குத் தெரியும். இதைப் பேய் விசை என்பார்கள். விசைக்கு ஒரு டயோடு வைத்தால் மின்சாரம் திரும்பி ஓடாது, பேயும் வராது. ஆனால் நூறு டயோடு என்பது செலவு. மலிவுக் கீபோர்டுகள் வேறு வழி வைத்திருக்கின்றன: செவ்வகம் உருவாகும் நிலை வந்தால், மூன்றாவதாக வந்த விசையையே கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். தம்பியின் அடி காணாமல் போவது இங்கேதான். மூன்று பேர், ஆளுக்கு ஒரு திசை, ஒரு அடி என்றாலே ஆறு விசைகள். எங்காவது ஒரு செவ்வகம் அமையாமல் இருப்பது அபூர்வம்.

இதற்கு இரண்டு வைத்தியம் உண்டு, இரண்டுமே மலிவு. கன்ட்ரோல், ஆல்ட், ஷிஃப்ட் ஆகிய விசைகள் மற்றவற்றோடு சேர்த்து அமுக்குவதற்கென்றே இருப்பவை. அதனால் அவற்றைப் பெரும்பாலும் யாருடனும் மோதாத தனிக் கோடுகளில் வைக்கிறார்கள். மேமில் முதல் ஆளின் அடிக்கும் பட்டன்கள் இடது கன்ட்ரோலிலும் ஆல்ட்டிலும் இருப்பது பொருத்தமான ஏற்பாடு. இன்னொரு வைத்தியம், மடிக்கணினியில் ஒரு பழைய யூ.எஸ்.பி. கீபோர்டைச் செருகி மூன்றாமவனிடம் கொடுத்துவிடுவது. விண்டோஸ் எல்லாக் கீபோர்டுகளையும் ஒன்றாகவே பாவிக்கும் என்றாலும், கோடுகளின் வலை இப்போது இரண்டு. ஒன்றில் அமுக்கும் விசை இன்னொன்றின் செவ்வகத்தில் சேராது. ஜாய்ஸ்டிக் வாங்கக் காசில்லாத வீட்டில் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

ஆனால் ஜாய்ஸ்டிக் ஆசை கீபோர்டால் தீருமா? பரணில் டிவி கேம் இருக்கிறதே என்று யாராவது ஞாபகப்படுத்துவார்கள்.

சாமுராய், மீடியா, லிட்டில் மாஸ்டர், டெர்மினேட்டர் என்று 1990-களில் நம் கடைகளில் கிடைத்த டிவி கேம் பெட்டிகளில் பெரும்பாலானவை, நின்டெண்டோ 1983-இல் ஜப்பானில் வெளியிட்ட ஃபேமிகாமின் வழி வந்தவை. அவற்றின் ஜாய்ஸ்டிக் பிளக்கில் பலதும் 9 பின் வைத்தது. 1977-இன் அட்டாரி பெட்டிக்கும் அதே வடிவம், மேசைக் கணினியின் பின்னால் இருக்கும் சீரியல் போர்ட்டுக்கும் அதே வடிவம். வடிவம் பொருந்துகிறது என்று செருகிவிடக் கூடாது. டிவி கேம் ஜாய்ஸ்டிக் 5 வோல்ட்டில் வேலை செய்வது. சீரியல் போர்ட்டின் கோடுகள் 12 வோல்ட் வரைக்கும், அதுவும் நேர்மின், எதிர்மின் இரண்டு பக்கமும் ஆடும். உள்ளிருக்கும் சில்லு போய்விடும்.

அட்டாரியின் ஜாய்ஸ்டிக்கில் சில்லே கிடையாது. மேல், கீழ், இடது, வலது, சுடு என்று ஐந்து சுவிட்சுகள். சுவிட்சுக்கு ஒரு ஒயர், எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு எர்த். யாருக்கும் புரியும். ஆனால் ஆள் கூடக் கூட ஒயரும் ஐந்தைந்தாகக் கூடும். நின்டெண்டோ கொண்டுவந்த ஏற்பாட்டில் எட்டு பட்டனுக்கும் சேர்த்துச் செய்தி ஒயர் ஒன்றே ஒன்று. 4021 என்ற எண் கொண்ட 16 கால் சில்லு ஒன்று ஜாய்ஸ்டிக்குக்குள் உட்கார்ந்திருக்கும். நம்மூர்ப் பெட்டிகளில் பலகை மேல் கறுப்பாகச் சொட்டுவிட்ட மாதிரி ஒரு பிசின் குமிழ் இருக்குமே, அதற்கு அடியில் அதே வேலையைச் செய்யும் சில்லுதான் புதைந்திருக்கிறது. பெட்டி முதலில் ஒரு ஒயரில் 'பிடி' என்று துடிப்பு அனுப்பும். அந்தக் கணத்தில் எட்டு பட்டனும் எப்படி இருக்கின்றனவோ அப்படியே சில்லு பிடித்து வைத்துக்கொள்ளும். பிறகு இன்னொரு ஒயரில் துடிப்பு துடிப்பாக 'அடுத்து, அடுத்து' என்று கேட்கக் கேட்க, ஏ, பி, செலக்ட், ஸ்டார்ட், மேல், கீழ், இடது, வலது என்ற வரிசையில் ஒவ்வொன்றாகச் செய்தி ஒயரில் வெளிவரும். பாம்பன் பாலத்தில் இருப்பது ஒற்றைத் தண்டவாளம்தான், பெட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கடந்துவிடுகின்றன அல்லவா, அந்த மாதிரி. டிவி நொடிக்கு 50 முறை படம் மாற்றும் நம் நாட்டில் இந்த விசாரிப்பும் நொடிக்குச் சுமார் 50 முறை நடக்கும். விரலின் வேகத்துக்கு அது தாராளம்.

ஏழெட்டு ஒயரின் வேலையை நேரத்தில் பிரித்துப் போட்டுவிட்டால், அதே ஒயரில் இன்னும் ஆளைச் சேர்க்கலாம். நின்டெண்டோ 1990-இல் அமெரிக்காவில் விற்ற ஃபோர் ஸ்கோர் என்ற இணைப்பான் அதைத்தான் செய்தது. பெட்டியில் இருப்பதோ இரண்டு போர்ட். முதல் போர்ட்டில் எட்டுத் துடிப்புக்கு முதல் ஆளின் பட்டன்கள், அடுத்த எட்டுக்கு மூன்றாம் ஆளின் பட்டன்கள், கடைசி எட்டில் 'இங்கே இருப்பது நான்கு பேர் இணைப்பான்' என்ற அடையாளக் குறி. இரண்டாம் போர்ட்டில் இரண்டாம் ஆளும் நான்காம் ஆளும். விளையாட்டு நிரல் எட்டோடு நிறுத்தாமல் இருபத்து நான்கு வரை கேட்க வேண்டும், அவ்வளவுதான். புதிய ஒயர் ஒன்றுகூட இல்லாமல் இரண்டு பேர் உள்ளே வந்துவிட்டார்கள். இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த தந்திரம் இது.

வீட்டில் பழைய அசெம்பிள் மேசைக் கணினி இருந்தால் டிவி கேம் ஜாய்ஸ்டிக்கை அதில் இணைக்கலாம். டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரைச் செருகும் 25 ஓட்டை போர்ட் ஞாபகம் இருக்கும். அதில் கணினி வெளியே அனுப்பும் தரவுக் கோடுகள் 8, வெளியிலிருந்து கேட்கும் கோடுகள் 5. காகிதம் தீர்ந்தது, பிரிண்டர் வேலையாக இருக்கிறது என்பது போன்ற சேதிகளுக்காக வைத்தவை அந்த ஐந்தும். 'பிடி' துடிப்பும் 'அடுத்து' துடிப்பும் இரண்டு தரவுக் கோடுகளில் எல்லா ஜாய்ஸ்டிக்குக்கும் பொதுவாகப் போகும். ஒவ்வொரு ஜாய்ஸ்டிக்கின் செய்தி ஒயரும் கேட்கும் கோடு ஒன்றில் முடியும். ஆக ஐந்து ஜாய்ஸ்டிக் வரை ஒரே பிரிண்டர் போர்ட்டில் தாங்கும். மின்சாரத்துக்குக்கூட வெளியே போக வேண்டாம்; மீதித் தரவுக் கோடுகளை டயோடுகள் வழியாக ஒன்றுசேர்த்தால், கொஞ்சமே குடிக்கும் அந்தச் சில்லுகளுக்குப் போதும். லினக்ஸில் இதற்கென்றே கேம்கான் என்ற டிரைவர் கெர்னலுக்குள் இருக்கிறது. விண்டோஸ்காரர்கள் டைரக்ட்பேட் புரோ, பிபிஜாய் என்ற டிரைவர்களைப் பயன்படுத்தினார்கள். வேடிக்கை என்னவென்றால், தொடக்கத்தில் கொடுத்த அரசு மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் போட்டுக் கொடுத்தார்கள். டிரைவர் எழுதப்பட்ட கெர்னல் கையில் இருந்தது. செருக வேண்டிய 25 ஓட்டை போர்ட் மடிக்கணினியில் இல்லை.

சவுண்டு கார்டில் இருந்த 15 ஓட்டை கேம் போர்ட்டைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டாம். அதில் ஜாய்ஸ்டிக் என்பது சாய்த்தால் மாறும் மின்தடை. ஒரு மின்தேக்கி அந்தத் தடை வழியாக நிரம்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று கணினி எண்ணிப் பார்க்கும். முழுக்கச் சாய்த்தால் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு நொடி. இரட்டைக் கேபிள் போட்டால் இரண்டு பேர் ஆடலாம், ஆளுக்கு இரண்டு பட்டன். கணினி தன் வேலையை விட்டுவிட்டு எண்ணிக்கொண்டு நிற்க வேண்டிய ஏற்பாடு அது, போனது நல்லதுக்குத்தான்.

இன்றைக்கு மூன்றாம் ஆளுக்கு வழி யூ.எஸ்.பி. தான். 1996-இல் வந்த இந்த முறையில், செருகிய உடனே ஒவ்வொரு கருவிக்கும் கணினி ஒரு எண் கொடுக்கிறது. ஏழு பிட் எண், அதனால் 128. புதிதாக வருகிறவருக்காக 0-வை ஒதுக்கிவிட்டால் 127 கருவிகள். பிறகு எண்ணைச் சொல்லிக் கூப்பிட்டுக் கூப்பிட்டு, 'ஏதாவது மாறியிருக்கிறதா?' என்று கணினிதான் கேட்கும். கேட்காமல் ஜாய்ஸ்டிக் வாய் திறக்காது. எளிய ஜாய்ஸ்டிக்குகளை 10 மில்லி நொடிக்கு ஒரு தடவை கேட்பது வழக்கம். தனக்கு எத்தனை அச்சு, எத்தனை பட்டன் என்பதையும் ஜாய்ஸ்டிக்கே முதலில் சொல்லிவிடுவதால் டிரைவர் சிடி தேட வேண்டியதில்லை. போர்ட் போதவில்லையென்றால் நான்கு வழி ஹப் ஒன்று. தனி அடாப்டர் இல்லாத ஹப் ஒரு கருவிக்கு 100 மில்லி ஆம்பியர்தான் உறுதியாகத் தரும். அதிரும் மோட்டார் இல்லாத ஒயர் ஜாய்ஸ்டிக்குக்கு அது தாராளம், மோட்டார் வைத்ததென்றால் இரண்டு பேர் ஒரே நேரத்தில் அடி வாங்கும்போது தடுமாறலாம்.

எல்லாம் சரியாக இருந்தும் ஒரு சண்டை மிச்சம் இருக்கும். நேற்று வரை முஸ்தபாவாக ஆடியவன் கையிலிருக்கும் ஜாய்ஸ்டிக் இன்று வேறு ஆளை ஓட்டும். மலிவு ஜாய்ஸ்டிக்குகள் பலவற்றுக்குள் இருப்பது ஒரே தயாரிப்பாளரின் சில்லு. அட்டைப்பெட்டியில் எந்தப் பெயர் அச்சிட்டிருந்தாலும், டிராகன்ரைஸ் என்ற நிறுவனத்தின் 0079, 0006 என்ற ஒரே அடையாள எண்ணைச் சொல்பவை ஏராளம். தனித்தனி வரிசை எண்ணும் இருக்காது. மூன்று பேரும் வந்து ஒரே பெயரைச் சொன்னால் கணினி என்ன செய்யும்? எந்தப் போர்ட்டில், எந்த வரிசையில் செருகினோம் என்பதை வைத்துத்தான் முதல் ஆள், இரண்டாம் ஆள் என்று பிரிக்க முடியும். போர்ட் மாறினால் ஆளும் மாறுவான். பிளக்கிலும் போர்ட்டிலும் ஆளுக்கொரு நிறத்தில் நெயில் பாலிஷ் பொட்டு வைத்துவிட்டால் இந்தப் பஞ்சாயத்து தீர்ந்தது. ஒரே பிளக்கில் இரண்டு ஜாய்ஸ்டிக் தொங்கும் இரட்டை வகையில் சிலது இரண்டையும் ஒரே ஆளாகக் கணினியிடம் சொல்லித் தொலைக்கும். வாங்குமுன் கடையிலேயே சோதித்துப் பார்ப்பது நல்லது.

இனி உப்பு. சென்னைக்காரர் ஒருவர் எழுதும் ஜாய்ஸ்டிக் கட்டுரையில் இதற்கு ஒரு வரி போதும். பாம்பனில் போதாது. 1914-இல் திறந்த பாம்பன் ரயில் பாலம் அரிப்போடு மல்லுக்கட்டியே நூறு வருஷத்துக்கு மேல் ஓடியது. புதுப் பாலம் 2025 ஏப்ரலில் திறந்தது. காரைக்குடி சிக்ரி ஆய்வகம் அரிமான ஆராய்ச்சிக்கு மண்டபத்தைத் தேர்ந்துகொண்டது சும்மா அல்ல. இரும்பைத் தின்னும் காற்று ஜாய்ஸ்டிக்கை வேறு விதமாகப் படுத்தும்.

பட்டனுக்கு அடியில் ரப்பர் குமிழ், அதன் அடிவயிற்றில் கரி தடவிய வட்டம். அமுக்கினால் அந்தக் கரி பலகையில் சீப்புப்பல் போல் கோத்து நிற்கும் இரண்டு கோடுகளை இணைக்கும். கோடுகளுக்கு நடுவே இடைவெளி ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. கடற்காற்றில் வரும் உப்புத்துகள் அங்கே படிகிறது. காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 சதவீதத்தைத் தாண்டினால் சோற்றுப்பு காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரைந்துவிடும். கரையோரத்தில் அந்த அளவு ஈரம் ஒரு விசேஷமே அல்ல. உப்பு நீர் மின்சாரத்தைக் கடத்தும். அமுக்காத பட்டன் 5 வோல்ட்டில் நிற்க வேண்டும் என்பதற்காகச் சில பத்தாயிரம் ஓம் தடை ஒன்றை உள்ளே வைத்திருப்பார்கள். உப்புநீர்க் கசிவின் தடையும் அதே அளவுக்கு இறங்கிவிட்டால் 5 வோல்ட் பாதியாகும். சில்லுக்கு அது அமுங்கியதா, அமுங்காததா என்று புரியாத இடம். விளைவு, யாரும் தொடாமலே வீரன் இடது பக்கமாக நடந்து போவான். வெயில் ஏறி ஈரம் குறைந்ததும் தானாகச் சரியாகிவிடும், சாயங்காலம் மறுபடி நடப்பான். யூ.எஸ்.பி. பிளக்கில் உப்பு ஏறினால் வேறு குணம்: கணினி 'டிங்-டொங்' என்று ஜாய்ஸ்டிக் போய்விட்டதாகவும் வந்துவிட்டதாகவும் மாறி மாறி அறிவித்துக்கொண்டிருக்கும்.

டிவி கேம் காலத்தில் கேசட்டை வாயால் ஊதிச் செருகுவோம். வாய்க்காற்றில் ஈரம் இருக்கிறது. உப்பு படிந்த தொடுமுனைக்கு அது தீனி. இப்போது பலர் நேராக ஆல்கஹாலில் பஞ்சை நனைத்துத் துடைக்கிறார்கள். எண்ணெய்ப் பிசுக்குக்கு அது நல்லது, ஆனால் உப்பு ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் அநேகமாகக் கரையவே கரையாது. இங்கே முதலில் வேண்டியது தண்ணீர், அதுவும் ஊர்க் கிணற்றுத் தண்ணீர் ஆகாது, பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர். பஞ்சுக் குச்சியை அதில் நனைத்துக் கோடுகளைத் துடைத்து, ஈரத்தை விரட்ட அதன் மேல் ஆல்கஹாலால் ஒரு தடவை துடைத்து, நன்றாகக் காயவிட்டு மூட வேண்டும். கரி வட்டத்தை அழுத்தித் தேய்க்கக் கூடாது, கரி கழன்றுவிடும்.

அதனால்தான் கடலோரத்தில் ஜாய்ஸ்டிக் வாங்குகிறவர்களுக்கு என் யோசனை கடைக்காரர் சொல்வதற்கு நேர் எதிராக இருக்கும். குச்சிக்கு அடியில் உரசும் மின்தடைக்குப் பதில் காந்தமும் அதன் நகர்வை அறியும் ஹால் உணரியும் வைத்த வகையை அவர் எடுத்துக் காட்டுவார். உரசல் இல்லாததால் அந்தக் குச்சி உப்புக்குத் தப்பும், ஆனால் பட்டன்கள் அதிலும் பெரும்பாலும் அதே கரியும் கோடும்தான், விலையும் அதிகம். முஸ்தபா ஆட நான்கு திசையும் இரண்டு பட்டனும் போதும் என்கிறவர்களுக்கு மலிவு ஒயர் ஜாய்ஸ்டிக்கே சரி. வாங்கும்போது திருப்பிப் பாருங்கள்: முதுகில் சாதாரண ஸ்டார் ஸ்க்ரூ போட்டதாக இருக்க வேண்டும், ஒட்டி மூடியது வேண்டாம். தடைக்காலம் தொடங்குமுன் ஒரு தடவை, ஐப்பசி மழை விட்டதும் ஒரு தடவை திறந்து துடைக்க அது வேண்டும்.